வலக்கையை மட்டும் நீட்டிய குழந்தை



கருவின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று ஃபிக்ஹுப் பாடத்தில் படித்தவன் நான். அது வெறும் சட்டமாகவே மனதில் இருந்தது. பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டக் கடையொன்றில் வாழும் என் தங்கைக்கு 27ஆவது வாரத்தில் ஆண் குழந்தை பிறந்தபோதுதான், ஆறு மாதப் பிள்ளை என்றால் என்னவென்று கண்ணால் கண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி உயிர்!

28 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையின் மூளை ஏறக்குறைய வழுவழுப்பாகவே இருக்கும். நாம் படத்தில் காணும் மடிப்புகள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. கருவறையின் இருளில் நடக்க வேண்டிய அவ்வேலை, வார்டின் வெளிச்சத்திலும் சத்தத்திலும் நடக்கிறது. மூளைக்குள் இருக்கும் இரத்த நாளங்களோ மிக மெல்லியவை. முதல் மூன்று நாட்களில் அவை கசியும் ஆபத்து அதிகம். கசிவு நரம்புப் பாதைகளைப் பாதித்தால் பின்னர் கைகால் விறைக்கலாம். பார்வை, செவி, பேச்சு, படிப்பு ஆகியவற்றிலும் குறை வரலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி நேர்வதில்லை.

எங்கள் பிள்ளை பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். பத்து மாதமானபோது எதைக் கொடுத்தாலும் வலக்கையாலேயே வாங்கினான். "மாஷா அல்லாஹ், இப்போதே வலக்கைப் பழக்கம்!" என்று நான் பூரித்தேன். தங்கை மட்டும், "நாநா, இடக்கையை விரிக்கிறானே இல்லை" என்றாள். "மாதம் குறைந்த பிள்ளை, சரியாகிவிடும்" என்று அவள் வாயை அடைத்தேன்.

வீட்டுக்கு வந்த மருத்துவமாது பார்த்தவுடனே கிளினிக்குக்கு அனுப்பினார். ஒரு வயதுக்கு முன் குழந்தை ஒரு கையை மட்டும் பாவிப்பது பழக்கமல்ல, மற்றக் கை பலவீனம் என்பதன் அடையாளமாக இருக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். பிறந்த நாட்களில் ஏற்பட்ட கசிவின் விளைவு அது. இன்று அவன் பயிற்சி செய்கிறான். இடக்கையாலும் பந்தைப் பிடிக்கிறான். நான் தாமதித்த வாரங்கள் மட்டும் திரும்ப வரவில்லை.

சகோதரிகளே, இப்பிள்ளைகளின் வளர்ச்சியை, பிறக்க வேண்டிய திகதியிலிருந்து எண்ணுங்கள். மூன்று மாதம் முந்தியவனுக்குப் பத்து மாதம் என்றால், கணக்கில் ஏழுதான். ஆனால் அந்தக் கணக்கைச் சாட்டி கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தையை அணைத்து வைத்திருங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய அம்முறையை, பிறந்தவுடனேயே ஆரம்பிக்கும்படி 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

"பாரம் தூக்கினாய், அதனால்தான்" என்று தாயைக் குத்தாதீர்கள். தாயின் கண் கண்டதை, ஓதிப் படித்த நான் காணவில்லை. அவள் சொல்வதைக் கேளுங்கள்.