சக்கரத்தின் மேல் ஒரு வீடு

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் அமெரிக்க தேசத்துக்கு ஒரு முறை போய் வந்திருந்தால், “சக்கரத்தின் மேல் வீட்டை வாங்கிப் பார்” என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சென்ற கோடை விடுமுறையில், சிக்காகோ நகருக்கு அருகே வசிக்கும் என் தங்கையின் வீட்டில் ஆறு வார காலம் தங்கியிருந்தேன். அந்த ஆறு வாரமும் அந்தக் குடும்பத்தில் பேசப்பட்டதெல்லாம் ஒரே விஷயந்தான். இருக்கிற கூடார வண்டியை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்குவதா? வாங்கினால் எதை வாங்குவது?

அமெரிக்கர்களுக்கு வனவாசத்தில் உள்ள ஆசை நமக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றும். வாரம் முழுவதும் சகல சௌகரியங்களும் நிறைந்த வீட்டில் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையானதும் பாத்திரம் பண்டங்களுடன் காட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அரசாங்கத்தாரும் ஏரிக்கரைகளிலும் மலையடிவாரங்களிலும் இதற்கென்றே முகாம் மைதானங்கள் அமைத்து, இலக்கமிட்ட இடங்களை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். பல இடங்களில் மின்சார இணைப்புக் கூட உண்டு. அங்கே சாதாரணக் கூடாரம் அடிப்பவர்கள் ஒரு ரகம். காரின் பின்னால் டிரெய்லர் வண்டியை இழுத்து வருபவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்குள் எத்தனையோ உட்பிரிவுகள் இருக்கின்றன.

தங்கை குடும்பத்தார் வைத்திருந்தது ‘பாப்-அப்’ என்னும் வகை. சாலையில் போகும்போது பார்த்தால், மூடி போட்ட பெரிய டிரங்குப் பெட்டி ஒன்று சக்கரத்தின் மேல் உருண்டு வருவது போலிருக்கும். முகாமை அடைந்ததும் ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் மூடி மேலே எழும்பும். பிறகு இரு பக்கங்களிலும் படுக்கைகளை வெளியே இழுத்து, முட்டுக் கொடுத்து, கித்தானை இழுத்துப் பொருத்த வேண்டும். அரைமணி நேரத்தில் பெட்டி கூடாரமாகிவிடும். எடை குறைவு; விலை குறைவு; வீட்டில் காரோடு காராக நிறுத்திவிடலாம். படுத்தால் நான்கு புறமும் காற்று. இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்க வேண்டும்?

இக்கேள்விக்கு விடை, மிச்சிகன் ஏரியின் தென்கரையில் உள்ள இந்தியானா மணற்குன்றுகளில் எனக்குக் கிடைத்தது. ஏரிக்கரை ஓரமாக மலைபோல் எழும்பி நிற்கும் மணல்மேடுகளும், அவற்றின் பின்னால் அடர்ந்த காடும் சதுப்பும் உள்ள அழகிய பிரதேசம் அது. அதன் ஒரு பகுதி மாநிலப் பூங்காவாக இருக்கிறது. சுற்றியுள்ள நிலத்தை 2019-ஆம் வருஷத்தில் தேசியப் பூங்கா என்ற அந்தஸ்துக்கு உயர்த்தினார்கள். வானம் தெளிவாக இருந்தால், கடல்போன்ற ஏரிக்கு அப்பால் சிக்காகோவின் உயர்ந்த கட்டடங்கள், தண்ணீரில் நட்டு வைத்த குச்சிகளைப் போலத் தெரியும். இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே முதல் நாள் இனிமையாகக் கழிந்தது. இரவில் மழை பிடித்துக்கொண்டது.

மழையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தங்கையின் மாமியாருக்கு எழுபத்து நாலு வயது, முழங்காலில் வாதம். இரவில் இரண்டு தடவையாவது அவர் எழுந்திருக்க வேண்டும். பொதுக் கழிப்பறையோ நூற்றைம்பது கஜ தூரத்தில் இருந்தது. மருமகள் ஒரு கையில் குடையும் மறு கையில் விளக்குமாக முன்னே செல்ல, அந்த அம்மாள் ஈர மணலில் தடுமாறித் தடுமாறி நடந்து போன காட்சியை நான் பார்த்தேன். திரும்பி வந்தபின் அவர், “நான் இனிமேல் வரவில்லை. நீங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்” என்று மெல்லச் சொன்னார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒருவேளை மாப்பிள்ளை சமாதானம் சொல்லியிருப்பார். கோபம் இல்லாததனால் அவருக்குப் பேச நா எழவில்லை.

மறுநாள் ஈரக் கித்தானை அப்படியே மடித்துக்கொண்டு வீடு வந்தோம். வந்ததும் முதல் வேலையாக வண்டியைத் திறந்து உலர்த்த வேண்டியிருந்தது. இரண்டு நாள் மடித்தபடி விட்டுவிட்டால் பூஞ்சணம் பிடித்து, அந்த நாற்றம் பிறகு போகவே போகாது.

பாப்-அப்புக்கு அடுத்த படியாகப் பலரும் கருதுவது ‘ஹைப்ரிட்’ என்னும் கலப்பு வகை. இதற்குச் சுவரும் கூரையும் கெட்டியானவை. உள்ளே சமையல் மேடை, ரெப்ரிஜிரேட்டர், சிறிய கழிப்பறை, ஸ்நான வசதி எல்லாம் உண்டு. ஆனால் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ சுவரின் ஒரு பகுதி, கோட்டை அகழியின் மேல் பாலத்தை இறக்குவது போல வெளிப்புறமாகக் கீழே இறங்கும். இறங்கிய அந்தப் பலகையே கட்டில். அதன் மேல் கித்தான் கூடாரம். ஆகவே, பகலில் வீடு, இரவில் பாதி வீடு, பாதி கூடாரம். வண்டியின் நீளம் பதினேழு பதினெட்டு அடியாக இருந்தாலும், இருபத்து நாலடி வண்டியில் படுக்கக்கூடியவர்கள் இதில் படுக்கலாம். இதுவே இதன் பெரிய லாபம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கித்தான் அளவில் குறைந்ததே தவிர, அடியோடு போய்விடவில்லை. மழையில் மடித்தால் இதையும் உலர்த்தத்தான் வேண்டும். குளிர் காலத்தில் அனல் வெளியேறும். கோடையில் குளிர்சாதனம் திணறும். வழியில் எங்கேயாவது அரைமணி கண்ணயரலாமென்றால், பல வண்டிகளில் கட்டிலைத் திறக்காமல் படுக்க இடமிராது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கரடி விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ‘பிஷிங் பிரிட்ஜ்’ என்ற முகாமில், கெட்டிச் சுவர் உள்ள வண்டிகளுக்கு மாத்திரமே அனுமதி. அது கரடிகள் நடமாடும் பிரதேசம். கரடிக்குக் கித்தான் ஒரு தடையல்லவே! கூடாரம், பாப்-அப் இவற்றுடன், கித்தான் கட்டிலை நம்பியிருக்கும் ஹைப்ரிட்டும் அங்கே வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

“அப்படியானால் முழுவதும் கெட்டிச் சுவருள்ள பெரிய வண்டியாகவே வாங்கிவிட்டால் என்ன, அண்ணா?” என்று கேட்டாள் தங்கை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்ல, அவர்களுடைய கார். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

வண்டி பார்ப்பதற்காக ஒரு சனிக்கிழமை நாங்கள் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரத்துக்குச் சென்றோம். சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ, அமெரிக்காவில் எல்கார்ட் ஜில்லாவுக்கு டிரெய்லர் வண்டி அப்படி. சாலையின் இரு மருங்கிலும் தொழிற்சாலைகளும், விற்பனைக்கு வரிசையாக நிறுத்திய வெள்ளை வண்டிகளும் மைல் கணக்கில் தென்படுகின்றன. இத்தொழிலின் சரித்திரத்தைக் காட்டும் பொருட்காட்சி சாலை ஒன்றும் அங்கே உண்டு. 1913-ஆம் வருஷத்தில் கட்டிய மரப்பெட்டி போன்ற ஒரு பழைய டிரெய்லரை அங்கே பாதுகாத்து வருகிறார்கள்.

அருகிலுள்ள மிடில்பரி என்ற சிற்றூரில்தான் 1968-ல் லாயிட் பான்ட்ரேகர் என்பவர், தம் பண்ணையிலேயே, கூரை எழும்பும் பாப்-அப் வண்டிகளைச் செய்யத் தொடங்கி, ஜேகோ என்ற கம்பெனியை ஸ்தாபித்தார். கூரையைத் தூக்கும் யந்திரத்தை அமைத்ததும் அவரே.

அந்தப் பிரதேசத்தில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது வேறொரு விஷயம். ஆமிஷ் என்னும் கிறிஸ்தவ வகுப்பார் அங்கே பெருந்தொகையாக வசிக்கிறார்கள். அவர்கள் கார் வைத்துக்கொள்வதில்லை. குதிரை பூட்டிய கறுப்பு வண்டியிலும் சைக்கிளிலுமே போய் வருகிறார்கள். தச்சு வேலையில் கெட்டிக்காரர்கள். டிரெய்லர் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் அநேகர் இவர்களே! தாங்கள் ஒருநாளும் ஏறிச் செல்லாத வண்டியை, ஊரார் உல்லாசப் பிரயாணம் போவதற்காக இவர்கள் இழைத்து இழைத்துச் செய்கிறார்கள். நெய்கிறவன் பட்டு உடுத்துவதில்லை என்பது எல்லா ஊருக்கும் பொது போலும்.

விற்பனைச் சாலையில் எங்களை வரவேற்ற மனிதர் காரை ஒரு கண், எங்களை ஒரு கண் பார்த்தார். “உங்கள் கார் 5,000 ராத்தல் இழுக்கும். இதோ, இந்த இருபத்து மூன்றடி வண்டி, சாமான் நிரப்பினாலும் 4,900 ராத்தல்தான். கவலையே வேண்டாம்” என்றார். குழந்தைகள் அதற்குள் அந்த வண்டிக்குள் ஏறி, யாருக்கு எந்தக் கட்டில் என்று சண்டையே தொடங்கிவிட்டார்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார். கணக்கென்றால் கை சும்மா இராது. ஒரு காகிதத்தை எடுத்தேன்.

நம் ஊர் மாட்டு வண்டிக்காரனுக்குத் தெரிந்த முன்பாரம், பின்பாரம் என்ற சூத்திரந்தான் இங்கேயும். பாரத்தைப் பின்னால் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்னால் ஏற்றினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். டிரெய்லரிலும் முன்பாரம் போதாவிட்டால், வேகத்தில் அது பாம்புபோல் வளைந்து ஆடி, காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆகவே மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரையில் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். இறங்கிய பாரம் காருக்குள் இருக்கும் சாமானுக்குச் சமம். காரின் கதவோரத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேற்படக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். எங்கள் சீட்டில் கண்டது 1,350 ராத்தல்.

ஐந்து பேரின் எடை 620. காருக்குள் சாமான் 90. பாரத்தைச் சமமாகப் பரப்பும் கொக்கிச் சாதனம் 75. பெரிய வண்டியின் முன்பாரம், நூற்றுக்குப் பதின்மூன்று வீதம், 637. மொத்தம் 1,422; அதாவது எழுபத்திரண்டு ராத்தல் அதிகம். இழுக்கும் சக்தி காருக்கு இருக்கிறது, சுமக்கும் சக்திதான் இல்லை. விற்பவர் சொன்னது பொய்யல்ல. பாதிக் கணக்கு, அவ்வளவே.

அதே மைதானத்தின் மூலையில், பிறர் உபயோகித்த பதினெட்டடி ஹைப்ரிட் ஒன்று நின்றது. சாமானுடன் 3,800 ராத்தல், முன்பாரம் 494. மொத்தம் 1,279. எழுபத்தொரு ராத்தல் மிச்சம். தண்ணீர்த் தொட்டியை முகாமில் நிரப்பிக்கொள்வதென்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரு காலன் தண்ணீர் எட்டே கால் ராத்தலுக்குச் சற்று அதிகமல்லவா? முப்பது காலனைச் சும்மா சுமந்து செல்வதற்கு என்ன அவசியம்?

பழைய வண்டி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே குறித்து வைக்கிறேன். டிரெய்லருக்கு முதல் சத்துரு தண்ணீர். உள்ளே நுழைந்ததும் மூக்கைத்தான் முதலில் உபயோகிக்க வேண்டும். மக்கிய வாசனை வந்தால், எவ்வளவு அழகான வண்டியானாலும் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். தரையை மூலைக்கு மூலை காலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்றிருந்தால் அடியில் பலகை உளுத்துவிட்டது என்று அர்த்தம். வெளிச் சுவர் உப்பியிருக்கிறதா என்று ஓரத்தில் நின்று நோக்க வேண்டும். ஹைப்ரிட்டில் முக்கியமாக, இறங்கும் சுவரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். மழைநீர் உள்ளே புகும் பிரதான வாசல் அதுவே. கூடாரத்தைத் திறந்து, உள்ளே நின்று வெளிச்சத்தில் கித்தானைப் பார்த்தால், ஊசித் துவாரமெல்லாம் நட்சத்திரம்போல் தெரியும். டயரின் பக்கத்தில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்பதைச் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் இருபத்து மூன்றாவது வாரம். தேயாத டயரும் வயதானால் வெடிக்கும். மின்சாரப் பிரேக் வேலை செய்கிறதா, அதை இயக்கும் கருவி காரில் இருக்கிறதா என்பதும் அவசியம் பார்க்க வேண்டியது.

இவ்வளவும் பார்த்து முடித்தபின், மாப்பிள்ளை தம் தாயாரைக் கைபிடித்துப் படியேற்றி உள்ளே அழைத்து வந்தார். அந்த அம்மாள் சமையல் மேடையைப் பார்க்கவில்லை; ரெப்ரிஜிரேட்டரையும் பார்க்கவில்லை. உள்ளேயிருந்த சோபாவைப் படுக்கையாக விரித்துக் காட்டினார்கள். அதன் மேல் உட்கார்ந்தார். எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக் கதவு வரையில் நடந்தார்.

“நாலே அடி” என்றார்.

குழந்தைகளுக்குக் கித்தான் கட்டில். கெட்டிச் சுவருக்குள் பாட்டிக்குப் படுக்கை. எல்லோஸ்டோனில் கரடி பார்க்கும் யோசனையை மாத்திரம் தற்காலிகமாக ஒத்திவைத்தார்கள். பெரிய வண்டிதான் வேண்டுமென்று பெரியவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், கூட்டலை அவனையே போடச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு, “மாமா, தம்பியை வீட்டில் விட்டுவிட்டால் பெரிய வண்டி சரியாக வரும்” என்றான்.

கணக்கு என்னவோ சரிதான். ஆனால் யாரையும் வீட்டில் விட்டுப் போகாமலிருப்பதற்காகத்தானே இத்தனை பாடும்!