பாட்டியின் ஏடும் கார்ன்வால் கிரீமும்

கெடா தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பால் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மாடு அல்ல, மரம். பால் மரம், பால் வாளி, கட்டிப்பால், ஒட்டுப்பால் என்று எல்லாமே ரப்பரோடு ஒட்டிய சொற்கள்தாம். பசு கொடுப்பதைச் சொல்ல ‘மாட்டுப்பால்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கடையில் வாங்குவது ‘டின் பால்’. இந்த மூன்று பாலுக்கும் நடுவில்தான் நான் வளர்ந்தேன்.

சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது ஓர் அரையாண்டு என்னோடு தங்கிப் படித்த ஆங்கிலேயத் தோழி ஒருத்தி உண்டு. ஊர் கார்ன்வால், அதாவது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. அவள் அப்பா பால் பண்ணைக்காரர். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தவள் சுங்கைப்பட்டாணியில் எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினாள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான். வானொலியில் தினமும் நான்கு மணி நேரம் பேசிச் சம்பாதிக்கிறவள்தான், ஆனாலும் அந்த நான்கு நாளில் சொல்லுக்குத் தவித்த அளவுக்கு எந்த நிகழ்ச்சியிலும் தவித்ததில்லை. அத்தனையும் பாலைப் பற்றிய பேச்சு.

முதலில் அவள் பக்கத்துச் சங்கதி. நம்மில் பலர் கேமரன் மலைக்குப் போய் ‘கிரீம் டீ’ என்று பலகையில் பார்த்திருப்போம். தேநீரில் கிரீம் ஊற்றித் தருவார்கள் என்று நினைத்து உட்கார்ந்தால், ஸ்கோன் என்ற சிறிய ரொட்டி, ஸ்ட்ராபெரி ஜாம், ஒரு கிண்ணத்தில் வெள்ளையாய்க் கிரீம், பக்கத்தில் சாதாரணத் தேநீர் வரும். அந்தக் கிரீம் ரொட்டிக்கு. நம் ஊரில் பெரும்பாலும் அடித்து நுரைக்கவைத்த கிரீமைத்தான் வைக்கிறார்கள். அசல் வேறு. அதன் பெயர் கிளாட்டட் கிரீம், அதாவது உறைந்து கட்டியான கிரீம்.

பிரிட்டனில் கிரீமுக்குச் சட்டமே இருக்கிறது. 18 விழுக்காடு கொழுப்பு இருந்தால் சிங்கிள் கிரீம். 35 இருந்தால் அடித்து நுரைக்கும் கிரீம். 48 இருந்தால் டபுள் கிரீம். கிளாட்டட் கிரீமுக்கு 55. கார்ன்வால் கிரீமுக்கு 1998இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. பக்கத்து மாவட்டமான டெவனோடு அவர்களுக்கு ஓயாத சண்டை ஒன்று உண்டு. டெவன்காரர்கள் ரொட்டியில் முதலில் கிரீமைத் தடவி அதன்மேல் ஜாம் வைப்பார்கள். கார்ன்வால்காரர்களுக்கு முதலில் ஜாம். தோழி இதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். தோசைக்குள் மசாலா வைப்பதா, பக்கத்தில் வைப்பதா என்று நாம் அடித்துக்கொள்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு அவனிலேயே அதைச் செய்து காட்டினாள். பேரங்காடியில் 35 விழுக்காட்டுக் கிரீம்தான் கிடைத்தது, பரவாயில்லை என்றாள். அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, 80 டிகிரி சூட்டில் இரவு முழுக்க வைத்தாள். பிறகு கிளறாமல் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் ஏற்றினாள். மறுநாள் எடுத்தபோது மேலே பொன்னிறத்தில் தடித்த தோல் படிந்திருந்தது. கீழே மெழுகு போன்ற வெள்ளைக் கட்டி. அவள் பாட்டி காலத்தில் அகல உலோகத் தட்டில் பாலை ஊற்றி, தணல் ஓரத்தில் மெதுவாகச் சூடேற்றி, ஆறியதும் மேலே மிதப்பதை வழித்தெடுப்பார்களாம்.

பாட்டி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏடு. இது நம்ம பாலாடைதான். இதுக்கு எதுக்குடி ராத்திரி முழுக்க கரண்டைச் செலவு பண்ணீங்க?"

அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து அவள் கேட்டது நியாயமான கேள்வி. உங்களிடமும் இது இருக்கிறது என்றால் ஏன் யாரும் இதை விற்பதில்லை, ஏன் இதற்கென்று ஒரு பலகாரம் இல்லை?

வெயில்தான் காரணம். கார்ன்வால் குளிரில் கறந்த பாலை ஒரு நாள் அப்படியே வைக்கலாம். கிரீம் மேலே மிதந்து வரும், புளிக்காது. கெடாவில் காலையில் கறந்த பாலைக் காய்ச்சாமல் வைத்தால் மாலைக்குள் திரிந்துவிடும். அதனால் நாம் கிரீமை இனிப்பாகப் பிடித்துவைக்க முயலவே இல்லை. பாலைக் காய்ச்சி, உறை ஊற்றித் தயிராக்கி, மத்தால் கடைந்து, மோரைக் குடித்துவிட்டு வெண்ணெயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதையும் இரண்டொரு நாளில் உருக்கி நெய்யாக்கிவிட்டோம். நெய் வெயிலுக்குப் பயப்படாது. கடைந்தெடுப்பதற்கு முன்னால் உள்ள அந்தக் கிரீம் நிலைக்குத் தமிழில் நேரான சொல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஏடு என்பது காய்ச்சியதால் படிவது. அது பிள்ளைகள் திருடித் தின்பதற்கு என்றே விடப்பட்டது.

அவர்கள் சொற்கள் கொழுப்பை அளக்கின்றன. நம் சொற்கள் நாளையும் வேலையையும் அளக்கின்றன. பாலுக்கு எத்தனை நாளாயிற்று, யார் அதற்கு என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு விளக்குவது எனக்குச் சுலபமாயிற்று.

ஆனால் உறை ஊற்றுவதை விளக்கியது பாட்டிதான். முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். "ஸ்டோர்ல பாலுக்கு ஆசிட் ஊத்துனா கட்டியாகுதில்ல, அதேதான். அது மரத்துப்பால், இது மாட்டுப்பால்" என்றார். உண்மைதான். ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றிக் கட்டியாக்கித் தகடு போடுவார்கள். மாட்டுப்பாலில் ஒரு கரண்டிப் பழைய தயிர் போதும். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று அவையே அமிலத்தை உண்டாக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1878இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் தெ லாவல் பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கச் சுழலும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். கையுறைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் ரப்பர் பாலை 60 விழுக்காடு வரை கெட்டியாக்குவதும் அதே தத்துவத்தில் சுழலும் இயந்திரம்தான். ரப்பரும் கொழுப்பும் தண்ணீரைவிட லேசு, அதனால் இரண்டும் ஒரே மாதிரி பிரிகின்றன. கூலிம் பக்கம் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் அடுத்த முறை கையுறையை மாட்டும்போது நினைத்துக்கொள்ளலாம், அதுவும் ஒரு வகையில் கிரீம்தான்.

மலாய்க்காரர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரியாணிக்கு வாங்கும் தயிரை அவர்கள் ‘தைரு’ என்கிறார்கள், நம் சொல்தான். பசார் மாலாமில் சின்னக் கிண்ணத்தில் விற்கும் இனிப்பான ‘டாடி’ சமஸ்கிருதத்தின் ததியிலிருந்து வந்தது. வெண்ணெய்க்கு அவர்கள் சொல்லும் ‘மெந்தேகா’ போர்த்துகீசியர் விட்டுப்போனது. நெய்யை மட்டும் ‘மாட்டு எண்ணெய்’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். டின்னில் வரும் கோல்டன் சர்ன் வெண்ணெய் நம் வீடுகளில் எத்தனை தீபாவளிக்குப் பலகாரமாகியிருக்கிறது! அந்தப் பெயருக்குப் பொருள், பொன்னான கடையும் பானை.

டின் பால் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் நெஸ்லே 1912இல் பினாங்கில் கால் வைத்தபோது அதற்கு ஆங்கிலோ சுவிஸ் கட்டிப்பால் நிறுவனம் என்று பெயர். குளிர்பெட்டி இல்லாத லயத்து வீடுகளுக்குச் சர்க்கரையில் ஊறிய அந்தப் பால் வரம்தான். இன்று நம் தே தாரிக்கில் விழும் டின்னை எடுத்து எழுத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் ‘பால்’ என்று இருக்காது. ‘கிரீமர்’ என்று இருக்கும். பால்மாவோடு செம்பனை எண்ணெய் சேர்த்துச் செய்தது. மாடு மேய்ந்த தோட்டங்கள் செம்பனைக் காடாயின. அந்தச் செம்பனை இப்போது பால் என்ற பெயரில் நம் கோப்பைக்கே வருகிறது. தோழி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் ஊர்ச் சட்டப்படி இதற்குக் கிரீம் என்ற பெயரே கிடைக்காது என்றாள். நான் தே தாரிக்கை விட்டபாடில்லை, அது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் பேச்சு சீம்பாலுக்கு வந்தது. மாடு கன்று போட்டதும் முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் மஞ்சள் நிறப் பால். அதில் புரதம் மிக அதிகம், கன்றுக்கு நோய் எதிர்ப்பு அதிலிருந்துதான் கிடைக்கிறது. பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு மாடு வைத்திருந்தார். கன்று வயிறாரக் குடித்த பிறகு மிஞ்சுவதில் கருப்பட்டியும் ஏலமும் தட்டிப் போட்டு, இட்லிப் பானையில் ஆவியில் வைப்பார். முட்டை இல்லை, மாவு இல்லை, உறை இல்லை. புரதம் சூட்டிலேயே இறுகிக்கொள்ளும். கத்தியால் துண்டு போட்டு லயம் முழுக்க ஒரு வீடு விடாமல் கொடுப்பார். யாரும் காசுக்கு விற்றதில்லை.

என் அண்ணன் மகனுக்கு எட்டு வயது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "புடிங் மாதிரியா அத்தை? எந்தக் கடையில விக்கிறாங்க?" என்றான். கடையில் இல்லை என்றேன். மாடு கன்று போட வேண்டும் என்றேன். மாடு ஏன் எப்போதும் பால் தராதா என்று கேட்டான். பாலர் பள்ளியில் மிஸ் மஃபட் பாட்டைத் தலைகீழாகப் பாடியவன். அந்தப் பெண் உட்கார்ந்து தின்பது திரிந்த பாலின் கட்டியும் தண்ணீரும் என்பது அவனுக்குத் தெரியாது. கன்று, ஈற்று, மடி என்று ஒவ்வொன்றாக அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது தோழி நடுவில் புகுந்தாள். எனக்குத் தெரியும், எங்கள் ஊரில் அதற்குப் பீஸ்டிங்ஸ் என்று பெயர், அதில் புட்டிங் செய்வோம், பக்கத்துப் பண்ணைக்கும் கொடுத்தனுப்புவோம் என்றாள்.

பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, இவளுக்குத் தெரியுது" என்றார். பேரன் பக்கம் அவர் திரும்பவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் நகரத்துக்கு வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. மாடுகளை பாடாங் செராயில் ஒருவருக்கு விற்றார்கள். தாமான் வீட்டில் மாடு கட்ட வழியில்லை, அடுக்குமாடியில் கேட்கவே வேண்டாம். சம்பளம் கூடியது, பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்தது. நானும் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தேன். திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சாணி அள்ளியது பாட்டி, நான் இல்லை. ஆனால் மத்து, உறி, ஏடு, சீம்பால் எல்லாம் மாட்டோடு சேர்ந்தே விற்றுப்போயிருக்கின்றன. எங்கள் வீட்டில் அவற்றை அகராதி போல் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஒரே ஒரு வழி பாக்கி இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் இன்னும் ஒருவர் காலையில் மோட்டார் சைக்கிளில் மாட்டுப்பால் கொண்டுவருகிறார், புறநகரில் ஏழெட்டு மாடு வைத்திருக்கிறார். தோழி ஊர் திரும்பியதும் பாட்டி அவரிடம் சீம்பாலுக்குச் சொல்லிவைக்கச் சொன்னார். கேட்டேன். கார்த்திகை வாக்கில் ஒரு மாடு கன்று போடும் என்கிறார். கன்று குடித்தது போக மிஞ்சினால்தானாம். அதற்கும் எங்களுக்கு முன்னால் நான்கு வீட்டுக்காரர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.