குத்தும் ஒரு காலம்!

மைக் டைசன் 1986-ல் 20 வயசிலேயே சாம்பியன் ஆனதைச் சொல்லி, 'பாக்ஸிங்குக்கு எண்பதுகள்தான் பொற்காலம்' என்கிற ஆசாமிகளோடு எனக்கு எப்பவும் தகராறுதான். என் ஓட்டு எழுபதுகளுக்கு!

ஒருத்தரே எல்லாரையும் சாத்தினால் அது பொற்காலமா, ஸார்? சாத்துகிறவரையும் சாத்த ஆள் வேண்டாமா? 1971-ல் முகமது அலியை ஜோ ஃப்ரேசியர் ஜெயித்தார். 1973-ல் அதே ஃப்ரேசியரை, இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் உருட்டினார் ஜார்ஜ் ஃபோர்மன். 1974-ல், ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில், கயிற்றில் சாய்ந்தபடி குத்து வாங்கியே ஃபோர்மனைக் களைக்க வைத்து, எட்டாவது ரவுண்டில் கவிழ்த்தார் அலி.

அடுத்த வருஷம் மணிலா. மறுபடி அலி - ஃப்ரேசியர். 14 ரவுண்டு முடிந்தபோது ஃப்ரேசியருக்குக் கண் வீங்கி, அலியின் வலது கை வருவதே தெரியவில்லை. அப்பவும் எழுந்திருக்கப் பார்த்தவரை, 'போதும்' என்று தடுத்து, ஆட்டத்தையே நிறுத்திவிட்டார் பயிற்சியாளர் எடி ஃபட்ச்.

'பாக்கி மூணே நிமிஷம்... விட்டிருக்கலாமே!' என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் ஜோதி ஏற்றிய அலியின் கை நடுங்கியதைப் பார்த்த பிறகு, எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. எழுபதுகளின் நிஜ ஹீரோ யார் என்று கேட்டால், அன்றைக்கு ஒரு குத்துகூட விடாத ஃபட்ச்தான் என்பேன்!