அப்பாவோட கான்டெஸா

"எஞ்சினை நான் தொட்டதே இல்ல தம்பி"ன்னு சத்தியம் பண்ணினார் ஏற்காட்டு எஸ்டேட்காரர். நான் மூணாங்கிளாஸ் படிச்சப்போ கடன் தாங்காம அப்பா வித்த அதே கான்டெஸா!

நம்மூரு மஸில் கார்னு பெருமையா சொல்லிக்கிறோமே தவிர, 1984ல வந்தப்போ உள்ளே இருந்தது அம்பாசடரோட 1489 சிசி எஞ்சின்தான். உடம்பு மட்டும் இங்கிலாந்து வாக்ஸால். பயில்வான் உடம்பு, நோஞ்சான் இதயம் (ஹி ஹி). இசுஸு 1.8 லிட்டர் அப்புறம்தான் வந்துச்சு. 2002ல தயாரிப்பே நின்னுபோச்சு.

ஆர்சி புக்ல 1489 சிசி. பானட்டைத் திறந்தா இசுஸு! பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா? அப்பாவோட பழைய டைரியைத் தூக்கிட்டுப் போய் சேலம் செவ்வாய்ப்பேட்டையில அந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடிச்சேன்.

"உங்கப்பாதான் தம்பி மாத்தினாரு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுறதுக்குள்ள வண்டி மூச்சு வாங்குதுன்னு, வட்டிக்கு வாங்கியாந்து குடுத்தாரு."

அந்தக் கடன் அத்தை கல்யாணத்துக்குன்னுதான் அம்மா இன்னமும் நம்பிட்டு இருக்காங்க. கேக்கலாம்னா அப்பா இப்ப இல்ல.

அட்வான்ஸ் குடுத்துட்டேன். புது எஞ்சின் நம்பரை ஆர்சியில ஏத்தணும், அதுகூடப் பரவால்ல. அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?