மூலையில் நிற்கும் பிள்ளை



கோடை விடுமுறையில் நம் சமயபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இரவு விளக்கொளியில் நடக்கும் இளையோர் கபடிப் போட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஒலிப்பது பாடிச் செல்லும் பையனின் பெயர்தான். முப்பது விநாடிக்குள் எதிர்க்களத்தில் புகுந்து, தொட்டு, நடுக்கோட்டுக்கு மீளும் அவனுக்குக் கைதட்டல் கிடைப்பதில் தவறில்லை. ஆனால் ஓரக்கோட்டை ஒட்டிக் குனிந்து, வருகிறவனின் கணுக்காலையே நோக்கி நிற்கிறானே, அந்தக் கார்னர் பையனின் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அவனுடைய வேலை கடினமானது. பாய்ந்து கணுக்காலைப் பற்ற வேண்டும். பிடி நழுவினால் எதிரணிக்குப் புள்ளி; அவனோ வெளியே. பிடி நின்றால்தான் மற்றவர்கள் வந்து சூழ்ந்து அமுக்க முடியும். முழங்கையின் தோலும் முழங்காலின் தோலும் மண்ணோடு போகும். இதைப் பலர் கவனிப்பதில்லை: எதிராளி ஒருவனைப் பிடித்து வெளியேற்றினால், ஆட்டமிழந்து வெளியே அமர்ந்திருக்கும் தன் அணித் தோழன் ஒருவன் மறுபடியும் களத்துக்குள் வருகிறான். நீங்கள் கைதட்டிய அந்தப் பாடகன் பல வேளைகளில் மூலையில் நின்றவனுடைய பிடியினால்தான் உள்ளே வந்திருக்கிறான்.

நமக்கு அடுத்த தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் பிறந்தவர் தர்மராஜ் சேரலாதன். அவரும் கார்னர் ஆட்டக்காரரே. 2016-இல் புரோ கபடி லீக்கில் பட்னா பைரேட்ஸ் கோப்பையை வென்றபோது, பாடிப் புள்ளிகளைக் குவித்தவர் பர்தீப் நர்வால், அணித்தலைவர் சேரலாதன். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. ஈரானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது பின்தங்கியிருந்த இந்தியா 38–29 என்று வென்றது. அந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அஜய் தாக்கூரின் பெயரைச் சொல்வார்கள். அது நியாயமே.

முரட்டுத்தனத்தை நான் புகழவில்லை. பாடுகிறவனின் வாயைப் பொத்துவதும், கால்களைக் கத்தரிபோல் பின்னிப் பிடிப்பதும் விதிப்படியே குற்றம். வலியைத் தாங்குகிறவன் வேறு, வலியைக் கொடுக்க விரும்புகிறவன் வேறு.

களத்தில் ஏழு பேர் ஆட, ஐந்து பேர் மாற்று ஆட்டக்காரர்களாக வெளியே காத்திருப்பார்கள். இவர்களைப் பற்றி எனக்கு அதிக வருத்தம் உண்டு. மாலைதோறும் பயிற்சியில் அந்தப் பாடகனைப் பிடித்துப் பிடித்து, அவனைத் தப்பிக்கக் கற்றவனாக்கியவர்கள் இவர்கள். பரிசுப் பணத்தைப் பங்கிடும்போதோ, ஆடிய ஏழு பேருக்கு மட்டுமே என்று முடிவு செய்கிற குழுக்களும் இருக்கின்றன. பேசோர் ஆற்றண்டையில் களைத்துப்போய் மூட்டைமுடிச்சுகளோடு தங்கிவிட்ட 200 பேரை நீங்கள் அறிவீர்கள். யுத்தத்துக்குப் போன 400 பேரில் சிலர் அவர்களுக்குப் பங்கு தர மறுத்தார்கள். தாவீது அதை ஏற்கவில்லை. சமபங்கு என்பதை இஸ்ரவேலில் நியமமாகவே ஏற்படுத்தினான். நம் வாலிபர் குழுவின் பரிசுப் பணத்துக்கும் அந்தக் கணக்கே போதும் என்பது என் எண்ணம்.

"பாட விடாவிட்டால் மகனை நிறுத்திவிடுகிறேன்" என்று சொல்லும் பெற்றோர் நம் சபையிலும் இருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பேர் வாங்குகிறவனைத்தான் தெரிவாளர்கள் பார்ப்பார்கள் என்று அஞ்சுகிறீர்கள். நிறுத்துவதற்கு முன் ஒரு மாலை பயிற்சித் திடலுக்கு வந்து, முழு நேரமும் அவனை மட்டும் பாருங்கள். எத்தனை முறை விழுகிறான், எழுந்தவுடன் யாரைக் கைதூக்கி விடுகிறான் என்று எண்ணுங்கள். வரும்போது மறவாமல் அவனுக்கு ஒரு ஜோடி முழங்கால் உறை வாங்கி வாருங்கள், பழையது கிழிந்துவிட்டது.