பம்பில் போட்ட பழி

மச்சானும் நானும் பங்குக்கு வாங்கிய சின்னப் படகொன்று கோடையில் சிம்கோ ஏரியில் நிற்கும். அதன் பெற்றோல் தாங்கிக்குள் தண்ணீர் போனதற்கு முழுக்காரணம் நான். இதை மச்சானுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

தாங்கி மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்ததை ஓகஸ்ற்றிலேயே கண்டுபிடித்தவன் அவன். "ஒண்டு வாங்கிப் போட்டுவிடடா" என்றான். ஒரு கோப்பிக் காசு வரும் சாமான். ஓமென்று சொல்லிவிட்டு மறந்துபோனேன் என்று எழுதத்தான் கை வருகிறது. மறக்கவில்லை. ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் அந்த வெடிப்பைப் பார்த்தேன். மூடி தளத்தோடு மட்டமாகப் பதிந்திருக்கிற படகு அது. மழை பெய்தாலும் கழுவினாலும் மூடியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்.

செப்ரெம்பர் கடைசியில், பெருமழை பெய்த மறுநாள், எஞ்சின் திணறியது. தண்ணீர் என்று அப்போதே விளங்கிவிட்டது. தண்ணீர் பிரிக்கும் பில்ரரைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி அசையாமல் வைத்தால் போதும். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம், அடியில் போய் நிற்கும். நான் கழற்றவில்லை. பார்த்துவிட்டால் தாங்கியை வெறுமையாக்க வேண்டிவரும், குளிரும் தொடங்கிவிட்டது. என் நல்ல காலமோ கெட்ட காலமோ, அடுத்த கிழமை எஞ்சின் ஒழுங்காக ஓடியது. ஒரு போத்தல் ஸ்ரெபிலைசர் ஊற்றினேன். பெற்றோல் நாட்பட்டுப் பிசின் பிடிப்பதை அது தாமதப்படுத்தும், தண்ணீரை ஒன்றும் செய்யாது. அதுவும் எனக்குத் தெரியும். மச்சான் கேட்டபோது, "எல்லாம் செய்தாச்சு, வின்ரருக்கு ரெடி" என்றேன்.

எஞ்சின் ஒழுங்காக ஓடியதிலும் சூது இருந்தது. ஒன்ராறியோவில் சாதாரண பெற்றோலில் 10 சதவீதமளவில் எத்தனோல் கலந்து வருகிறது. எத்தனோல் தண்ணீரைத் தன்னோடு சேர்த்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஓர் எல்லைக்குள்தான். 15 பாகையில் 100 லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய அரை லீற்றர் தண்ணீரைத் தாங்கும். குளிரக் குளிர அந்த எல்லை சுருங்கும். படகு ஆடிய ஆட்டத்தில் கலந்து மறைந்துபோன தண்ணீர், வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போன நாட்களில் பிரிந்து, எத்தனோலையும் இழுத்துக்கொண்டு அடிக்கு இறங்கியது. எஞ்சினுக்கு உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. மேலே மிஞ்சிய பெற்றோலோ எத்தனோலை இழந்து, ஒக்ரேனும் குறைந்து, எஞ்சினுக்கு உதவாததாகிவிட்டது. பிரிந்ததைத் திரும்பச் சேர்க்கிற மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

மே மாதம் கைப்பம்பால் அடியிலிருந்து எடுத்தபோது போத்தலில் இரண்டு தட்டுத் தெரிந்தது. மச்சான் பக்கத்தில் நின்றான். முதலில் வின்ரரில் பழி போட்டேன். அரைத்தாங்கியோடு விட்டது பிழை, உள்ளே காற்று வியர்த்துவிட்டது என்றேன். படகுக்காரர் பலர் சொல்லும் கதை என்பதால் வாயில் லேசாக வந்தது. கணக்குப் பார்த்தால் நிற்காது. 20 பாகையில் ஈரம் முட்டிய 100 லீற்றர் காற்றில் இருக்கும் தண்ணீர் 2 கிராமும் வராது. காற்றுக் குழாயால் இரவும் பகலும் காற்றுப் போய்வந்தாலும் எங்கள் போத்தலில் கிடந்த அளவு சேராது. மச்சானுக்கும் ஒட்டவில்லை.

"இவ்வளவு தண்ணி எப்பிடியடா?"

"அந்த டொக் பம்பில அடிச்சதுதான். அவங்கட தாங்கிக்குள்ள தண்ணி இருந்திருக்கும்."

நம்பக்கூடிய பொய். அப்படி நடப்பதும் உண்டு. மச்சான் அன்று பின்னேரமே அங்கே போய், பம்படியில் நின்ற பெடியனிடம் சத்தம் போட்டான். வேறு ஒருவரும் முறையிடவில்லை என்று பெடியன் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் வாகனத்துக்குள் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாங்கியைக் கழுவி, குழாய்களையும் பில்ரரையும் மாற்றிய பில்லில் பாதியை மச்சான் கொடுத்தான். நான் வாங்கினேன். பழுதான பெற்றோல் அபாயக் கழிவு எடுக்கும் இடத்துக்குப் போனது. 1990களில், பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. அந்தச் சில துளியின் பெறுமதி தெரிந்தவன் ஒரு தாங்கியைக் குப்பைக்குக் கொடுத்தேன்.

புது வளையத்தை மச்சான் வராத ஒரு நாளில் போட்டேன். கேட்டால், போன வருடமே மாற்றிவிட்டேன் என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவன் கேட்கவில்லை. அந்தப் பெடியனை இந்த வருடம் அங்கே காணவில்லை. படிப்பு முடிந்து போயிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி நினைப்பது எனக்கு வசதி.

டொக் பம்பை மச்சான் அடியோடு விட்டுவிட்டான். தெருவோரப் பம்பில் கான்களில் நிரப்பி வாகனத்தில் ஏற்றிவருகிறோம். எனக்கு நாரிப்பிடிப்பு என்று பாரமான கானை அவனே தூக்குவான். தூக்கும்போதெல்லாம், "அவங்கள் எங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள், என்ன?" என்பான். நான் ஓமென்பேன்.