அந்தியூரிலிருந்து வந்த குதிரை

ஆடி 27

அந்தியூர் அருகே புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு மாடு பார்க்கப் போன தம்பி, நள்ளிரவில் ஒரு பெட்டைக் குதிரையோடு ராசிபுரம் திரும்பினான். செவலை நிறம். காது நுனிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றன. கத்தியவார் ரத்தம் என்று விற்றவர் சொன்னாராம். எருமைகளை நகர்த்திக் கட்டி இடம் செய்தார்கள். அக்காளுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

ஆடி 30

தம்பி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு லைனுக்குப் போய்விட்டான். குவாஹாட்டி. "மாட்டுக்குப் போடறதையே இதுக்கும் போடு, பாத்துக்கக்கா."

ஆவணி 2

பக்கத்துத் தோட்டத்து மாமா கறிக்கோழித் தீவனம் அரை மூட்டை கொண்டுவந்தார். "மக்காச்சோளமும் சோயாவுந்தான் கண்ணு. நல்லாச் சதை புடிக்கும்." அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் தொட்டியில் கொட்டுமுன் அவள் கால்நடை மருத்துவரைப் போனில் கேட்டாள். அவர் குரல் மாறியது. "அந்த மூட்டையத் தொழுவத்துக்குள்ளயே வைக்காதீங்கம்மா."

கறிக்கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பது வழக்கம். கோழி தாங்கும், குதிரையின் இதயத் தசை தாங்காது. உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் மொனென்சினே குதிரையைக் கொல்லப் போதும். கோழிக்கு அந்த அளவு 200 மில்லிகிராம் வரை போகும். முறிவு மருந்து கிடையாது.

நாமக்கல் மாவட்டத்தில் கோழித் தீவன மூட்டை எந்தத் திண்ணையிலும் இருக்கும். மாமாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

ஆவணி 3

பயமாக இருக்கிறது. விற்றுவிடச் சொல்லலாம்.

ஆவணி 9

இன்று நல்ல நாள். வாய்க்கால் மேட்டில் அருகம்புல் கிடைத்தது. குதிரைமசால் விதைக்கக் கிணற்றோரம் ஐந்து சென்ட் ஒதுக்கினாள்.

சோளத்தைப் பற்றியும் மருத்துவர் சொல்லிவிட்டார். இந்தச் சீமையின் மானாவாரிச் சோளம் இளம்பயிராக இருக்கும்போது சயனைடு நஞ்சு உண்டு. அது மாட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். குதிரை பச்சைச் சோளத்தையே வாரக்கணக்கில் மேய்ந்தால் பின்னங்கால் தள்ளாடும், மூத்திரம் கட்டுப்படாமல் ஒழுகும். அதனால் அதன் பக்கமே விடுவதில்லை.

300 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஐந்தாறு கிலோ உலர்தீவனம், பல வேளையாகப் பிரித்து. வயிறு சின்னது; மாட்டைப் போல ஒரேயடியாக நிரப்பிக்கொண்டு அசைபோட அதற்கு வழியில்லை. தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும். ஊறவைத்த கொள்ளு கொஞ்சம் போதும். ரணஜன்னி ஊசி போட்டாயிற்று.

ஆவணி 14

முன்னங்கால் குளம்பு விளிம்பில் வெடிப்பு. குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். யார் சீவுவது? லாடக்காரர் ஒருவர் இருக்கிறார். காளையைக் கயிறு கட்டிச் சாய்த்து, பிளந்த குளம்புக்கு இரண்டு தகடாக அடிப்பவர். குதிரையை நின்றபடியே அல்லவா பார்க்க வேண்டும்? அவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

ஏழாம் வகுப்புக்கு அவள் நடத்தும் பாண்டியர் பாடம் இன்று வேறு மாதிரி இருந்தது. 1290களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரைகளைக் கடல் வழியே வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். வளர்க்கத் தெரியவில்லை, லாடக்காரர்களும் இல்லை; வணிகர்கள் லாடக்காரர்களை இந்தப் பக்கம் வரவிடுவதும் இல்லை, குதிரை செத்தால்தானே அடுத்தது விற்கும் என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் கேட்டார்கள்: "டீச்சர், ராஜாவுக்கே தெரியலையா?"

ஆவணி 20

மாலையிலிருந்து தின்னவில்லை. லத்தி போடவில்லை. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறது, முன்காலால் தரையைப் பறிக்கிறது, படுத்துப் புரள்கிறது. வயிற்றுவலி. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது மேலே வராது. அதனால்தான் இந்த வலி உயிரையே வாங்குகிறது.

தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடி எண்ணினாள். நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்க வேண்டியது 60ஐத் தொட்டது. விலாவில் காது வைத்தால் குடல் சத்தமே இல்லை. தீவனத்தை எடுத்துவிட்டு, மருத்துவர் வரும்வரை மெல்ல நடத்தினாள். மாமா டார்ச் பிடித்துக் கூடவே நடந்தார். மருத்துவர் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார், ஊசி போட்டார். விடிவதற்குள் தேறாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வண்டி சொல்லிவைக்கச் சொன்னார்.

ஆவணி 21

ஐந்து மணிக்கு லத்தி போட்டது.

புரட்டாசி 4

தம்பி போன் செய்தான். சங்ககிரிப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொள்கிறாராம், நல்ல விலை. "உனக்குந்தான் சிரமமில்லக்கா."

அந்த ஆளின் தொழுவம் கோழிப்பண்ணைக்குப் பக்கத்திலா? பச்சைச் சோளம் போடுவாரா? குளம்பு பார்க்க யார் இருக்கிறார்கள்? ராத்திரியில் கூப்பிட்டால் வரும் மருத்துவர் உண்டா?

தம்பிக்கு எதுவும் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றான். அந்தியூரில் குதிரைக்கு லாடம் கட்டும் ஒருவரின் எண்ணை மாமா வாங்கி வந்திருக்கிறார். அமாவாசை கழித்து வருவதாகச் சொன்னாராம்.